தமியாவின் பழைய 1/35 டாங்கிகள்: எந்தப் பெட்டிக்குக் கூடுதல் விலை தரலாம், எதற்குத் தரக்கூடாது

பழைய ராணுவ வாகன மாடல் கிட் சேகரிக்க இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து நிற்கும் பெயர் தமியா. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து நிறுவனம். சிவப்பிலும் நீலத்திலும் இரண்டு நட்சத்திரம், வெள்ளைப் பின்னணியில் ஒரு டாங்கியின் ஓவியம், ஓரத்தில் 1/35 என்ற அளவு. 1960-களிலும் 70-களிலும் வந்த இந்தப் பெட்டிகள் இன்றும் பழைய பொருள் சந்தையில் நிறையப் புழங்குகின்றன. புழங்குகிற அளவுக்குக் குழப்பமும் இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த ஒரே பிளாஸ்டிக் ஒரு பெட்டியில் சாதாரண விலைக்கும் இன்னொரு பெட்டியில் பல மடங்குக்கும் போகிறது. வாங்குகிறவர் எதற்குப் பணம் தருகிறோம் என்று தெரிந்து தரவேண்டும். இந்த விமர்சனம் அதற்காகத்தான்.

முதலில் இந்த அளவு எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய கிட்களின் நிறை குறைகள் எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. தமியா 1946-ல் மரக் கம்பெனியாகத் தொடங்கி, மர மாடல்களுக்கு நகர்ந்து, 1960-ல் யமாட்டோ போர்க்கப்பலுடன் பிளாஸ்டிக்கில் இறங்கியது. போட்டி நிறுவனம் அதே கப்பலைக் குறைந்த விலைக்கு இறக்கியதால் அது எடுபடவில்லை. அடுத்து 1961-ல் உருவாக்கிய பாந்தர் டாங்கிதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. ஷிகெரு கொமாட்சுசாக்கி வரைந்த பெட்டி ஓவியம், உள்ளே மோட்டார் வைத்து ஓடவிடும் வசதி, வரைபடத்தோடு தெளிவான விளக்கத் தாள். அந்தப் பாந்தரின் உடல் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தது உள்ளே போகவேண்டிய பேட்டரிகளும் மோட்டாரும். செய்து முடித்த பிறகு கணக்குப் பார்த்தபோது அசலில் ஏறத்தாழ 35-ல் ஒரு பங்கு வந்தது. இன்று உலகம் முழுக்க ராணுவ வாகன மாடலுக்குப் பொதுவான அளவாகிவிட்ட 1/35 இப்படித்தான் வந்தது.

ஆகவே அந்தக் காலத்துத் தமியா டாங்கி என்பது முதலில் ஓடும் பொம்மை, பிறகுதான் காட்சி மாடல். இதை மனதில் வைத்துக்கொண்டால் அடித்தட்டில் ஏன் இத்தனை துளைகள், பக்கச் சிறகின் (தடத்துக்கு மேலே உடல் வெளியே நீளும் பகுதி) அடிப்பாகம் ஏன் திறந்து கிடக்கிறது, சக்கரம் ஏன் சுழல்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

மோட்டார் பதிப்பும் காட்சிப் பதிப்பும்

பழைய டாங்கிகளில் மூன்று வகை கண்ணில் படும். ஒற்றை மோட்டார் வகை நேராக மட்டும் ஓடும். கம்பி இணைத்த ரிமோட் வகையில் இரண்டு மோட்டார், இரு பக்கச் சங்கிலிக்கும் தனித்தனி, அதனால் திரும்பும். மூன்றாவது, 1968-ல் தொடங்கிய மிலிட்டரி மினியேச்சர் வரிசையில் சேர்த்து விற்ற மோட்டார் இல்லாத காட்சிப் பதிப்பு. மூன்றாவது வகையில் பல கிட்கள் முதலிரண்டு வகைக்காக வெட்டிய அதே அச்சுகளிலிருந்து வந்தவை. மோட்டாரை மட்டும் எடுத்துவிட்டார்கள், துளைகள் அப்படியே நின்றன.

சேகரிப்பு மதிப்பு என்று பார்த்தால் ரிமோட் பதிப்புதான் அரிது. கியர் பெட்டி, கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்பி, பித்தளைத் தகடுகள், மசகுக் குழாய் எல்லாம் முழுமையாக இருக்கும் பெட்டி எளிதில் அகப்படாது. காட்சிப் பதிப்புகளின் நிலையோ வேறு. அவற்றில் பலவற்றைத் தமியா அதே அச்சில் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வெளியிட்டு வந்திருக்கிறது. அந்தக் கிட்டுக்கு 1970-களின் பெட்டியைத் தேடி அதிக விலை கொடுத்தால் கிடைப்பது பழைய அட்டையும் பழைய தாளும் பழைய டெக்காலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிகளின் தாள்) மட்டுமே. பிளாஸ்டிக் ஒன்றுதான். டெக்காலோ வயதாகிப் போயிருக்கும். கட்டுவதற்காக வாங்குகிறவர் மறுவெளியீட்டையே வாங்கவேண்டும். பெட்டியை அடுக்கி வைத்துப் பார்க்க வாங்குகிறவர் பழையதை வாங்கலாம். இரண்டு ஆசையையும் ஒரே பெட்டியில் தீர்த்துக்கொள்ள நினைப்பதுதான் நஷ்டம்.

பெட்டியின் வயதைக் கண்டுபிடிப்பது

விற்பவர்கள் அதிகம் காட்டும் ஆதாரம் டாங்கியின் அடித்தட்டில் பொறித்திருக்கும் ஆண்டு. அது அச்சு வெட்டிய ஆண்டு. அந்தப் பெட்டி தயாரான ஆண்டு இல்லை. 1970 என்று பொறித்த அடித்தட்டு சென்ற வருடம் வார்த்ததாகவும் இருக்கலாம். இதை நம்பி விலை பேசக்கூடாது.

பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். பழைய பெட்டிகளில் எண் எம்எம் (மிலிட்டரி மினியேச்சர்) என்ற எழுத்துகளுடன் மூன்று இலக்கத்தில் இருக்கும். 88 மி.மீ. பீரங்கி எம்எம் 117, பாந்தர் எம்எம் 165. பிறகு அதே கிட்கள் 35017, 35065 என்று ஐந்து இலக்க எண்ணுக்கு மாறின. முதல் இரண்டு இலக்கம் அளவைக் குறிக்கும், கடைசி இரண்டு பழைய எண்ணின் வாலேதான். ஐந்து இலக்க எண் மட்டும் இருந்தால் அது பிற்காலப் பெட்டி.

அடுத்தது பட்டைக்கோடு. தமியாவின் பட்டைக்கோடு 4950344 என்று தொடங்கும். அது அட்டையிலேயே அச்சாகியிருந்தால் 60-கள், 70-களின் பெட்டி என்று சொல்லி விற்பதை ஏற்கவேண்டாம். ஜப்பானில் பட்டைக்கோடு முறையே 70-களின் கடைசியில்தான் வந்தது. ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் கடைக்காரர் பின்னால் ஒட்டியதாக இருக்கக்கூடும், அதை வைத்து எதுவும் முடிவு செய்யமுடியாது.

மூன்றாவது முகவரி. ஒண்டவாரா, ஷிசுவோக்கா என்ற முகவரியில் சுருகா-கு என்ற வட்டாரப் பெயரும் சேர்ந்திருந்தால் அந்தப் பெட்டி 2005 ஏப்ரலுக்குப் பிறகு அச்சானது. ஷிசுவோக்கா நகரம் அப்போதுதான் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸில் தயாரானது என்று போட்டிருந்தால் 1990-களுக்குப் பிந்தியது, ஏனென்றால் செபு தொழிற்சாலை அப்போது வந்ததுதான். இந்த இரண்டும் பொய் சொல்ல முடியாத சாட்சிகள்.

அமெரிக்காவில் விற்ற பழைய பெட்டிகளில் அங்குள்ள இறக்குமதியாளரின் பெயரைச் சேர்த்து எம்ஆர்சி-தமியா என்ற கூட்டுப் பெயர் இருக்கும், பிரிட்டனுக்குப் போனவற்றில் அங்குள்ள இறக்குமதியாளரான ரிக்கோவின் ஸ்டிக்கர் இருக்கும். சிலர் இவற்றைக் குறையாக நினைத்து விலை குறைப்பார்கள். அந்தக் காலத்தை உறுதி செய்யும் அடையாளமாகவே இவற்றைக் கொள்ளவேண்டும்.

இன்னொன்று, சுருக்குப் படலம். பெட்டி மேல் பளபளவென்று பிளாஸ்டிக் படலம் சுற்றியிருந்தால் தொழிற்சாலை முத்திரை என்று நினைத்துக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஜப்பானியக் கடைகளில் தமியா பெட்டிகள் பொதுவாகப் படலம் இல்லாமல்தான் விற்கப்படுகின்றன. இறக்குமதியாளரோ கடைக்காரரோ சுற்றியதாக இருக்கும். அப்படியொரு இயந்திரம் யாரிடமும் இருக்கலாம். உண்மையான முத்திரை உள்ளே இருக்கும் பாலித்தீன் பைகளில் இருக்கிறது: ஓரம் சூட்டில் ஒட்டியபடியோ ஸ்டேபிள் அடித்தபடியோ பிரிக்காமல் இருந்தால் பாகம் குறைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஸ்டேபிள் துருப்பிடித்துப் பையில் பழுப்புக் கறை விட்டிருந்தால் இன்னும் நல்ல அடையாளம்.

மூடி திறந்ததும் பார்க்கவேண்டியவை

பிரிக்காத பெட்டியானாலும் உள்ளே கெட்டுப்போகும் சில விஷயங்கள் உண்டு. அவற்றில் மோசமானது சங்கிலித்தடம். பழைய தமியாவின் கறுப்புத் தடங்கள் மிருதுவான வினைல். அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மம் காலப்போக்கில் வெளியே கசியும். கசிந்தது பக்கத்தில் படுத்திருக்கும் பாலிஸ்டைரின் பாகத்தைத் தின்னும். தடம் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் சக்கரமோ உடலோ மெழுகு உருகியது போலப் பள்ளம் விழுந்திருக்கும், தடத்தின் பல்வரிசை அச்சடித்தது போலத் தெரியும். இதைச் சீர் செய்ய முடியாது, நிரப்பித் தேய்த்துப் பூசி மறைக்கத்தான் முடியும். ஜீப், குவாட் இழுவை வண்டி போன்றவற்றின் ரப்பர் டயர்களுக்கும் இதே குணம். ஆகவே விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் படம் தடமும் அதன் கீழிருந்த பாகங்களும். வாங்கியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை தடத்தையும் டயரையும் தனிப் பாலித்தீன் பையில் போட்டு வைப்பது. உறை பிரிக்காத பெட்டி என்று பெருமையாக அப்படியே வைத்திருந்தால் உள்ளே சேதம் நடந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் பெட்டியின் கன்னித்தன்மையை விடப் பாகங்களின் உயிர் முக்கியம்.

மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் பசைக் குழாயும் சேர்த்தே வைத்திருப்பார்கள். அது வெடித்துக் கசிந்திருந்தால் அதே கதைதான், இன்னும் வேகமாக. மோட்டார் பதிப்பை யாராவது ஓட்டிப் பார்த்துப் பேட்டரியை உள்ளேயே விட்டிருந்தால் தகடுகள் அரித்திருக்கும். வெள்ளைத் தூளாகப் படிந்திருந்தால் அல்கலைன் பேட்டரி, அதை வினிகர் தொட்ட பஞ்சால் துடைக்கவேண்டும். பழைய கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை கொண்டது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். மாற்றிப் போட்டால் பித்தளை இன்னும் அரிக்கும். துடைத்த பிறகு தண்ணீர் தொட்டுத் துடைத்து நன்றாக உலர்த்தவேண்டும். மோட்டாரைச் சோதிக்க ஒரே ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். சுழலாமல் முனகினால் பழைய மசகு இறுகியிருக்கிறது என்று அர்த்தம், மோட்டார் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டவேண்டாம். அச்சின் இரு முனையிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு விரலால் சுழற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். எண்ணெய் பிளாஸ்டிக்கில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இறுக்கமாகப் பொருந்தியிருக்கும் பாகங்கள் அதனால் வெடிப்பு விடும்.

டெக்கால் மஞ்சளாகியிருந்தால் கவலைப்படவேண்டாம். பையில் போட்டுச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி நான்கைந்து நாள் வெயில் காட்டினால் மஞ்சள் பெருமளவு வெளுத்துவிடும். உடைவதுதான் பெரிய தொல்லை. தாளின் மூலையில் உள்ள தேவையில்லாத எண்ணை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாகச் சிதறினால் மீதித் தாளின் மேல் பளபளப்பு லாக்கரோ டெக்கால் படல திரவமோ ஒரு பூச்சு பூசி முழுதாக உலரவிட்டு, ஒவ்வொரு குறியையும் ஓரம் ஒட்டி வெட்டி எடுத்துப் பயன்படுத்தவேண்டும். கடல் காற்றும் மழைக்கால ஈரமும் உள்ள ஊர்களில் டெக்காலும் விளக்கத் தாளும்தான் முதலில் கெடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் மூடிய பையில் தனியாக வைப்பது நல்லது. அட்டைப் பெட்டியை ராமபாணப் பூச்சி அரிக்கும், ஆகையால் தரையை ஒட்டிய அலமாரித் தட்டு வேண்டாம்.

உடல் திருகிப்போயிருப்பது பழைய நீளமான அடித்தட்டுகளில் சகஜம். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தால் ஒரு மூலை ஆடும். 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, எதிர்ப்பக்கம் லேசாக வளைத்துப் பிடித்துக் குளிர்ந்த நீரில் முக்கினால் நேராகும். கொதிக்கும் நீர் கூடவே கூடாது. பாலிஸ்டைரின் 100 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும், அப்புறம் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

கட்டும்போது எங்கே நேரம் போகும்

பாகங்களின் பொருத்தம் பற்றிக் குறையே சொல்லமுடியாது. ஐம்பது வருடத்துக்கு முந்திய அச்சு என்று நம்பக் கஷ்டமாக இருக்கும் அளவுக்கு மேல் உடலும் கீழ் உடலும் கச்சிதமாக அமர்கின்றன. அதே காலத்தின் வேறு பல நிறுவனங்களுடைய கிட்களோடு ஒப்பிட்டால் பிசிறு மிகக் குறைவு. விளக்கத் தாளில் உள்ள படங்கள் மொழி தெரியாதவரையும் கைபிடித்து அழைத்துப்போகும். வேலை வாங்குவதெல்லாம் மோட்டாருக்காகச் செய்த சமரசங்களே.

அடித்தட்டில் சுவிட்சுக்கான நீளத் துளை, பேட்டரி மூடி, கியர் பெட்டியைப் பிடிக்கும் திருகு துளைகள் இருக்கும். இடம் கிட்டுக்குக் கிட் மாறும். சிறு துளைகளைப் புட்டியால் மட்டும் அடைத்தால் உலரும்போது உள்வாங்கிக் குழிவிடும். பின்னால் தாங்கல் வேண்டும். உட்புறத்தில் 1 மி.மீ. பாலிஸ்டைரின் தாளில் துளையை விட எல்லாப் பக்கமும் 3 மி.மீ. பெரிதாக ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். ஒரு நாள் உலரவிட்டு வெளிப்பக்கம் பள்ளத்தில் புட்டியை இரண்டு தவணையாக நிரப்புங்கள். ஒரே தவணையில் தடிமனாகப் போட்டால் மேல் தோல் உலர்ந்து உள்ளே மாதக்கணக்கில் ஈரமாக நிற்கும், பெயின்ட் அடித்த பிறகு வெடிக்கும். பிறகு 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். அதே கிட்டின் ஸ்ப்ரூ (பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டுகளை மெல்லிய சிமென்ட்டில், அதாவது பிளாஸ்டிக் ஒட்டும் பசையில், ஓரிரவு ஊறவைத்தால் கெட்டியான கூழ் கிடைக்கும். அதுவே மிகச் சிறந்த புட்டி, ஏனென்றால் அது கிட்டின் பிளாஸ்டிக்கே.

ரிவெட்டுகள் நிறைந்த உடலில் இந்தத் தேய்ப்பில் ஜாக்கிரதை வேண்டும். எம்3 லீ (35039) இதற்கு நல்ல உதாரணம். ரிவெட் வரிசைக்குப் பக்கத்தில் புட்டி வைப்பதற்கு முன் வரிசையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். தப்பித்தவறித் தேய்ந்து போனால் வெளியே தெரியாத உட்பகுதியில் இருக்கும் ரிவெட் ஒன்றைப் புதிய பிளேடால் சீவி எடுத்து, பசை ஒரு புள்ளி வைத்து, ஈரத் தூரிகை நுனியால் எடுத்து வைக்கலாம்.

பக்கச் சிறகின் அடி திறந்திருப்பதுதான் பழைய தமியாவின் பிரபலமான குறை. தடத்துக்கு மேலே, மேல் உடல் வெளியே நீண்டிருக்கும் பகுதியின் கீழ் ஒன்றும் இருக்காது. சாய்த்துப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் தெரியும். ஷெர்மன் எம்4ஏ3 (35122) 1981-ல் வந்தது, அதிலும் இது இருக்கிறது. மூட வழி எளிது. முதலில் பழைய வாழ்த்து அட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்க்கவேண்டும். சரியாக வந்ததும் 0.5 மி.மீ. பாலிஸ்டைரின் தாளில் அதை மாற்றி, சுற்றிலும் கால் மி.மீ. குறைத்து வெட்டவேண்டும். இந்தத் தகட்டை மேல் உடலோடு ஒட்டவேண்டும், கீழ் உடலோடு ஒட்டினால் சக்கரமும் தடமும் பூசுவதற்கு இரண்டையும் பிரிக்கமுடியாமல் போகும். ஒட்டுவதற்கு முன் தடத்தின் மேல் ஓட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு தரம் வைத்துப் பாருங்கள். இதை விட்டுவிட்டுத் தகட்டை மீண்டும் பெயர்த்தவர்கள் ஏராளம்.

பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக வரும். இணைப்புக் கோட்டைத் தட்டையான உப்புத்தாளால் தேய்த்தால் வட்டம் போய்த் தட்டை விழும். உப்புத்தாளை மெல்லிய நாடாவாக வெட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போலக் குழலின் குறுக்கே சுற்றி இழுக்கவேண்டும். பாந்தரின் 75 மி.மீ. குழல் அதன் விட்டத்தைப் போல் 70 மடங்கு நீளம், அதாவது 5.25 மீட்டர். 1/35-ல் 150 மி.மீ. இவ்வளவு நீளமான குழலில் சிறு வளைவும் கண்ணை உறுத்தும். நேராக வரவில்லை என்றால் கடைந்தெடுத்த அலுமினியக் குழல் தனியாகக் கிடைக்கிறது, அதற்குச் செலவழிப்பது தகும். மற்ற அளவுகளையும் இப்படியே சரிபார்க்கலாம்: பாந்தரின் அகலம் 3.27 மீட்டர், மாடலில் 93 மி.மீ. சற்று மேல். தடத்தின் அகலம் 660 மி.மீ., மாடலில் கிட்டத்தட்ட 19 மி.மீ. மோட்டாருக்காக உடல் எங்கே பெருத்திருக்கிறது என்பதை ஒரு காலிப்பர் (நுண்ணிய அளவெடுக்கும் கருவி) பத்து நிமிடத்தில் காட்டிவிடும்.

இனி தடம். பழைய வினைல் தடத்தின் முனைகளைச் சேர்க்கச் சிறு முளைகளும் துளைகளும் இருக்கும். முளையைத் துளையில் செருகி, சூடாக்கிய திருப்புளியால் தலையை நசுக்கவேண்டும் என்று விளக்கத் தாள் சொல்லும். திருப்புளி சிவக்கும் அளவு சூடாக இருந்தால் முளை கரைந்து ஓட்டை விழும். மெழுகுவத்தியில் சில விநாடி காட்டி, ஒரு பழைய தடத் துண்டில் சோதித்துவிட்டுத் தொடுவது நல்லது. ஒரு விநாடித் தொடுதல் போதும். வயதான வினைலில் முளை நசுங்குவதற்குப் பதில் ஒடிந்துவிடும். அப்போது கறுப்பு நைலான் நூலால் இரண்டு தையல் போட்டு, அந்த இணைப்பைச் சிறகுக்கு அடியில் மறையும்படி வைத்துவிடலாம். பிளாஸ்டிக் சிமென்ட் இந்த வினைலில் ஒட்டாது. ஃபெவிக்விக் வகைப் பசை ஒட்டும், ஆனால் வளையும் இடத்தில் நிற்காது.

இன்னும் மோசமான தொல்லை பிறகு வரும். பழைய வினைல் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும். முன் பல்சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒன்றை நோக்கி ஒன்றை இழுத்து, அச்சை வளைத்து, கட்டி முடித்த ஒரு வருடத்துக்குப் பிறகு ஒடித்துவிடும். தடத்தை மாட்டுவதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்து லேசாக இழுத்து நீட்டிவிட்டு மாட்டினால் ஓரளவு தப்பிக்கலாம். அச்சுகளுக்கு உள்ளே 2 மி.மீ. உலோகக் கம்பி செருகிவிடுவது இன்னும் உறுதி. பாந்தர், டைகர் போன்றவற்றில் தடம் சக்கரங்களின் மேல் தளர்ந்து படுத்திருக்கவேண்டும். வினைல் தடமோ கயிறு போல விறைத்து நிற்கும். மேல் ஓட்டத்தை ஒவ்வொரு சக்கரத்தின் தலையிலும் பசைப் புள்ளி வைத்துக் கீழே அழுத்திப் பிடிக்கலாம். ஆனால் இப்படி ஒட்டும் இடத்தில் சக்கரத்தின் மேல் இரண்டு பூச்சுப் பெயின்ட் தடுப்பாக இருக்கவேண்டும், இல்லையென்றால் முன்பு சொன்ன உருகல் இங்கேயும் தொடங்கும். பெயின்ட்டிலும் ஒரு எச்சரிக்கை: வினைல் மேல் எனாமல் அடித்தால் பல சமயம் ஒருபோதும் முழுதாக உலராமல் பிசுபிசுவென்றே இருக்கும். அக்ரிலிக்கை மெல்லிய பூச்சாக அடியுங்கள். காட்சிக்கு வைக்கும் மாடலுக்குத் தனித்தனிக் கண்ணிகளாக வரும் பிளாஸ்டிக் அல்லது உலோகத் தடம் வாங்கிக்கொள்வதே நிம்மதி. ஹங்கேரியின் ஃப்ரியுல்மாடல் உலோகக் கண்ணிகள் நன்றாக இருக்கும். ஒரே விஷயம், தடத்தின் விலை பழைய கிட்டின் விலையைத் தாண்டிவிடும்.

மனித உருவங்கள் பற்றிச் சுருக்கமாக. இந்த மிலிட்டரி மினியேச்சர் வரிசையே 1968-ல் ஜெர்மன் டாங்கி வீரர்களின் தொகுப்போடுதான் ஆரம்பித்தது. அந்தக் காலத்துக்கு நல்ல வேலை. இன்றைய கண்ணுக்கு முகங்கள் மழுங்கலாகவும் சட்டை மடிப்புகள் மேலோட்டமாகவும் தெரியும். பெட்டியோடு வைத்துக்கொள்ளலாம், டாங்கியின் மேல் நிறுத்த வேறு வாங்குங்கள்.

எவற்றை வாங்கலாம்

மோட்டார் சமரசம் இல்லாத கிட்கள்தான் பழைய தமியாவின் உண்மையான பலம். 1972-ல் வந்த 88 மி.மீ. பீரங்கி (35017) அதில் முதலிடம். ஓடவேண்டிய அவசியம் இல்லாததால் அச்சு வெட்டியவர்கள் முழு கவனத்தையும் பீரங்கியின் அமைப்பில் வைத்திருக்கிறார்கள். நான்கு கை மேடையை விரித்தும் மடக்கியும் வைக்கலாம், சக்கர வண்டிகள் இரண்டும் உண்டு. இன்றும் இதைக் கட்டுவது மனதுக்கு நிறைவான வேலை. இதே பீரங்கி வேறு உருவங்களுடன் வட ஆப்பிரிக்கப் பதிப்பாக 35283 என்ற எண்ணிலும் வந்தது. கட்டுவதற்கென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய எம்எம் 117 பெட்டி கிடைத்தால் அலமாரிக்கு வாங்குங்கள். பாலைவனப் படையின் ஷெவர்லே லாரி (35092), குவாட் இழுவை வண்டி, 25 பவுண்டர் பீரங்கி (35046) மூன்றும் இதே காரணத்துக்காக நல்ல கிட்கள். டயர்களை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

தமியாவே புதிய அச்சு வெட்டிப் பழையதை ஓரங்கட்டிவிட்ட தலைப்புகளில் கூடுதல் விலை தரவே கூடாது. மட்டில்டா 35024-க்கு 2009-ல் 35300 வந்துவிட்டது. பிரென் கேரியர் 35089-க்குப் பதில் 35249 இருக்கிறது. கேவி-1 35066-ன் இடத்தில் 35372 இருக்கிறது. பழைய பாந்தர் 35065-ஐக் கட்ட ஆசைப்படுகிறவர் 2015-ன் 35345-ஐ ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அது டி வகை, பழையது ஏ வகை, என்றாலும் அடியில் துளை இல்லாமல், சிறகு மூடி, விவரங்கள் கூர்மையாக வரும். இந்தப் பழைய எண்களைப் பெட்டி ஓவியத்துக்காக வாங்கினால் தவறில்லை. அந்த ஓவியங்கள் அதற்குத் தகுதியானவைதான். பெட்டி நசுங்காமல், மூடியின் நான்கு மூலையும் கிழியாமல், விளக்கத் தாள் மடிப்பு மாறாமல் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

தமியா 1/35-ல் புதிதாகச் செய்யாமல் விட்டுவைத்த பழைய டாங்கிகள் சில உண்டு: பிரிட்டனின் செஞ்சூரியன் மார்க் 3 (35025), சீஃப்டன் மார்க் 5 (35068), அமெரிக்க எம்41 வாக்கர் புல்டாக் (35055), எம்3 லீ. மோட்டார் துளைகள் எல்லாவற்றிலும் இருக்கும், மேலே சொன்ன வேலையெல்லாம் செய்யவேண்டும், ஆனாலும் உருவம் பிசகாத நல்ல அடித்தளம். மறுவெளியீடு கடையில் இருக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் தீர்ந்த இடைவெளியில்தான் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் விலையை ஏற்றுவார்கள். அடுத்த தவணை வந்ததும் அது இறங்கும்.

ரிமோட் பதிப்பு எதுவாக இருந்தாலும், முழுமையாக இருந்தால் வாங்கலாம். முழுமை என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்பி, இரண்டு மோட்டாருக்கான கியர் பாகங்கள், பித்தளைத் தகடு, சிறு திருகுகள், விளக்கத் தாள். இதில் ஒன்று குறைந்தாலும் தனியாகக் கிடைக்காது. ஸ்ப்ரூ பாகங்கள் குறைந்தால் அதே அச்சின் மறுவெளியீட்டுக் கிட் ஒன்றை வாங்கி அதிலிருந்து எடுத்து நிரப்பலாம். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் பிளாஸ்டிக் சட்டங்களின் படத்தை விட, அந்தச் சிறு உலோகப் பாகங்கள் இருக்கும் பையின் படத்தைக் கேளுங்கள்.